சைனைட் மேட்டில் ஒரு தென்னந்தீவு

நான் இன்றுவரை கடலைப் பார்த்ததில்லை. மெட்ராஸுக்கு என்று கிளம்பி, வழியில் ஜோலார்பேட்டையிலேயே இரண்டு முறை இறங்கித் திரும்பியிருக்கிறேன் (ஒரு முறை வயிற்று வலி, இன்னொரு முறை டிக்கெட்டைத் தொலைத்துவிட்டேன்). அப்பேர்ப்பட்ட நான், மீசை அரும்பி நாலைந்து வருஷமான பருவத்தில், கோலார் தங்க வயலில் "தீவுக்குப் போய் போட்டோ புடிச்சிக்கினு வந்தவன்" என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அது போன விதத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எங்கள் வீட்டில் ஆளாளுக்கு இந்தக் கதையைக் கை கால் வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்தப்பட்டவன் சொன்னால் அவமானம் கொஞ்சமாவது குறையுமா என்று பார்க்கிறேன்.

அப்போது மைன் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குக் கரண்டு வரவில்லை. மைனுக்குள் இறங்குகிறவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் பாறை உடைப்பார்கள். ஷிப்ட் தொடங்குமுன் அவர்களுக்கு மெழுகுவத்தி வழங்குகிற ஸ்டோரில் நான் கிளார்க். கிளார்க் என்றால் கோட்டு போட்ட உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். ஜன்னல் இல்லாத ஒரு தகர அறை, ஒரு ஸ்டூல், நாள் முழுக்க மெழுகு வாசனை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் என் மேலிருந்து அந்த வாசனை போகாது.

ஊருக்குத் திரும்பிய ஒரு துரை, கப்பலில் சுமக்க அலுப்புப்பட்டு, தன்னுடைய காமிராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு நான் தினமும் நல்ல மெழுகுவத்தியாகப் பொறுக்கி எடுத்து வைப்பேன் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. முக்காலி, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கழுதைப் பாரம். போவதற்கு முன் எப்படிப் படம் பிடிப்பது, எப்படிக் கழுவுவது என்று கற்றும் கொடுத்தார். ஜன்னல் இல்லாத மெழுகுவத்தி ஸ்டோர் படம் கழுவ அருமையான இருட்டறையாக அமைந்தது. காகிதத்தில் அச்செடுத்த படம் முதலில் காவி நிறமாகத்தான் இருக்கும். தங்க உப்புக் கரைசலில் ஊறவைத்தால்தான் அது கறுப்பாகும். தங்க வயலில் குடியிருந்துகொண்டு தங்கத்தை மெட்ராஸிலிருந்து தபாலில் வரவழைத்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

காமிரா கைக்கு வந்த பிறகு நான் நடக்கிற நடையே மாறிவிட்டது என்று அக்கா சொல்வாள். (அவள்தான் என்னை வளர்த்தவள். அவள் சொன்னால் அப்பீல் கிடையாது.) ஞாயிற்றுக்கிழமையானால் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, படம் பிடிக்க எதுவும் இல்லாவிட்டாலும், நாலு லைன் சுற்றி வருவேன்.

அப்படி ஒரு நாள் மைன் கேட்டுக்குப் பக்கத்தில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். அந்தக் காலத்துக் காமிராவில் பின்பக்கக் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரியும். அந்தத் தலைகீழ் உலகத்துக்குள் ஒரு பெண் தூக்குச் சட்டியோடு நடந்து வந்து, நேராக என் எதிரே நின்றாள்.

"இன்னா, உள்ள யாருன்னா கீறாங்களா?" என்று லென்ஸுக்குள் கேட்டாள்.

துணிக்குள் வேர்த்துக் கொட்டியது. அவள் சிரித்துவிட்டு, ஷிப்டிலிருந்த அப்பாவுக்குச் சோற்றைக் கொடுக்கப் போய்விட்டாள். துணியை விலக்கிப் பார்ப்பதற்குள் முதுகுதான் தெரிந்தது. பெயர் அம்சவேணி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று அக்கா கேட்டதற்கு, "தலைகீழா இருந்தது" என்று பதில் சொன்னேனாம். அக்காவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சிக்கல் என்னவென்றால், அம்சவேணியின் அப்பா ஏகாம்பரம். ஆட்களைக் கேஜ் என்கிற கூண்டில் வைத்துச் சுரங்கத்துக்குள் இறக்குகிற ஷாஃப்ட்டில் பெரிய மேஸ்திரி. இடி மாதிரி ஆள், ஆனால் பேச்சு சொற்பம். பூமிக்கு அடியில் அவர் பார்க்காத சாவு இல்லை. அதனால் ஒரே பெண்ணை மைன்காரனுக்குக் கொடுப்பதில்லை என்று வைராக்கியம். பெண் கேட்டுப் போன அக்காவிடம் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"கேஜுல எறங்கறவனுக்கும் பொண்ணு இல்ல. கேஜுல எறங்கறவன நம்பிப் பொழைக்கறவனுக்கும் பொண்ணு இல்ல. மெழுவத்தி குடுக்கறவன் ரெண்டாவது ரகம். போய்ட்டு வாம்மா."

அக்கா அப்படியெல்லாம் போய்விட்டு வருகிற ஆள் இல்லை. அங்கேயே நின்று யோசித்து, ஆயுசுக்கும் அவள் சொன்ன பொய்களில் பெரிய பொய்யை அந்த நிமிஷத்தில் சொன்னாள்.

"மெழுவத்தி சும்மா பொழுதுபோக்குக்கு அண்ணே. என் தம்பிக்குத் தொழிலே போட்டோதான். தொரை கூட கப்பல்ல போயி, நடுக்கடல்ல ஒரு தீவு முழுக்க போட்டோ புடிச்சிக்கினு வந்துக்கீறான். அந்தப் படத்துக்கு அவ்ளோ மவுசு."

துரை முன்பு தன் ஆல்பத்தில் ஒரு தீவுப் படத்தைக் காட்டியிருந்தார். தென்னை மரம், மணல், தண்ணீர். நான் அதை அக்காவிடம் வர்ணித்திருந்தேன். ஆல்பம் துரையோடு சீமைக்குப் போய்விட்டது என்பதை அக்கா அந்த நேரத்தில் மறந்துவிட்டாள்.

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தாராம். பிறகு, "மெய்யாலுமா? அப்ப வர ஞாயித்துக்கெழம அந்தப் படத்த எடுத்துக்கினு வரச் சொல்லு. பாக்கலாம்" என்றாராம்.

அக்கா வீட்டுக்கு வந்து இதை ஏதோ வெற்றிச் செய்தி போலச் சொன்னாள்.

"அக்கா, நான் பங்காருபேட்டையத் தாண்டி ஒழுங்காப் போனதே இல்லியே!"

"அத்த நான் பாத்துக்கினேன். தீவ நீ பாத்துக்கோ."

*

அந்தோணி என்று எனக்கு ஒரு சிநேகிதன், கொல்லன் பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். உலகத்தில் எதையும் நாலு அடி அடித்தால் சரியாகிவிடும் என்பது அவன் சித்தாந்தம். அவனிடம் போய்ப் புலம்பினேன்.

"தீவுன்னா இன்னாடா? மண்ணு, தண்ணி, தென்ன மரம். நம்ம கிட்ட எது இல்ல?" என்றான்.

"கடல் இல்ல."

"போட்டோவுல எவன்டா உப்புக் கரிக்குதான்னு நக்கிப் பாக்கப் போறான்?"

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது நியாயம். மில்லில் சைனைட் மருந்து போட்டுத் தங்கம் எடுத்தது போக மிஞ்சும் மாவு போன்ற மண்ணை மலை மாதிரி கொட்டி வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது சைனைட் மேடு. அதற்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் மழைத் தண்ணீரும் மில் தண்ணீரும் சேர்ந்து குளம் கட்டி நிற்கும். நடுவில் திட்டாக ஒரு மணல் மேடு. அந்தத் தண்ணீரில் ஆடு வாய் வைக்காது, கொக்கு கால் வைக்காது. கண்ணாடி போல அசையாமல் கிடக்கும். நேரில் பார்த்தால் மண் சாம்பல் நிறம், தண்ணீர் ஒரு மாதிரிப் பச்சை, கரை செக்கச் செவேல். ஆனால் கறுப்பு வெள்ளையில் அதெல்லாம் யாருக்குத் தெரியப் போகிறது? அந்தக் காலத் தகட்டுக்கு நீல வானம் வெள்ளையாகத் தெரியும், செம்மண் கறுப்பாகத் தெரியும். சாம்பல் மண் கடற்கரை, செம்மண் கரை கடல் பாறை. நிறம் இல்லாத உலகத்தில் கோலாருக்கும் கடலுக்கும் அதிக தூரம் இல்லை என்று கண்டுபிடித்தபோது எனக்கு என் மேலேயே மரியாதை வந்துவிட்டது.

தென்னை மரத்துக்கு அந்தோணி ஏற்பாடு செய்தான். சுரங்கத்துக்குள் கூரை இடியாமல் நிறுத்துகிற முட்டுக்கட்டை ஒன்றை இரவல் வாங்கினான் (கேட்காமல்). அவன் லைனில் ஒரு கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து தென்னங்கீற்று. காய்க்கு நான் பஜாருக்குப் போய் நல்ல முற்றல் தேங்காயாகத் தட்டிப் பார்த்து வாங்கினேன். தட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. வேறு எதையும் பார்க்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் கட்டையையும் கீற்றையும் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கித் திட்டுக்குப் போனோம். (அந்தத் தண்ணீர் பட்ட காலை ஒரு மாதம் சொறிந்தேன். கல்யாணப் பேச்சு நடந்த போதெல்லாம் நான் காலைச் சொறிந்துகொண்டே இருந்ததை, கூச்சம் என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.) கட்டை உச்சியில் கீற்றுகளையும் தேங்காய்களையும் கட்டி மணலில் நட்டால், அது நிற்க மாட்டேன் என்றது. அந்தோணி ஒரு முடிவுக்கு வந்தான்.

"நான் புடிச்சிக்கினு நிக்கறேன். தீவுன்னா ஒரு ராஜா இருக்கணுமே, நான்தான் ராஜா."

இடுப்பில் கீற்று, தலையில் கோழி இறகு, கையில் தென்னை மரம். ராஜா தயாரானார்.

எனக்கு வேறொரு தலைவலி. எந்தப் பக்கம் காமிராவைத் திருப்பினாலும் மைன் உள்ளே வந்தது. ஒரு பக்கம் புகைபோக்கி, ஒரு பக்கம் லைன் வீடு, ஒரு பக்கம் மாதா கோயில் சிலுவை. கடைசியில் ஒரே ஒரு ஷாஃப்ட் மட்டும் தெரிகிற கோணத்தைப் பிடித்தேன். திட்டுக்குப் பின்னால் தூரத்தில், நாலு கால் மரச் சாரம், அதன் உச்சியில் கேஜை இழுக்கிற பெரிய சக்கரம். அதை எப்படியும் தொலைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு வித்தை தெரியும். வானம் வெளுப்பாகத்தானே விழப் போகிறது? தகட்டில் ஷாஃப்ட் இருக்கிற இடத்தில் மட்டும் மை பூசிவிட்டால், அச்சில் அந்த இடமும் வெளுத்துப் போகும். துரை சொல்லிக்கொடுத்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் அது.

தகடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பக்கத்தில் மில் தடதடவென்று பாறையை இடித்துக்கொண்டிருந்தது. காமிராவுக்குக் காது கிடையாது என்பது பெரிய ஆறுதல்.

"ராஜா, மூச்சு வுடாத!" என்று கத்திவிட்டு லென்ஸ் மூடியைத் திறந்தேன். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, மரத்திலிருந்து ஒரு தேங்காய் கழன்று ராஜாவின் தலையில் விழுந்தது. ராஜா சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அதற்குக் காமிராவின் காதில்லாமை இரண்டாம் முறை உதவியது.

அன்றிரவு ஸ்டோருக்குள் சிவப்பு விளக்கு வைத்துத் தகட்டைக் கழுவினேன். மண், தண்ணீர், மரம், எல்லாம் துல்லியமாக வந்திருந்தது. தேங்காய் விழுந்த அதிர்ச்சியில் ராஜாவுக்கு இரண்டு தலை. இரண்டிலும் முகம் இல்லை. (அந்தோணியை யாரும் அடையாளம் காண மாட்டார்கள் என்பதால் இதையும் லாபத்தில் எழுதிக்கொண்டேன்.) பிறகு மெல்லிய தூரிகையால் வானத்திலிருந்த ஷாஃப்ட்டின் மேல் மை பூசினேன். சக்கரம் போயிற்று, சாரம் போயிற்று, கால்கள் போயின. பூசி முடித்துத் தகட்டை விளக்குக்கு நேரே பிடித்து, வானத்தை மட்டும் கால் மணி நேரம் ரசித்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு திட்டு இல்லை. இப்படி ஒரு கைத்திறமையை வைத்துக்கொண்டு மெழுகுவத்தி கொடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

காலையில் வெயிலில் வைத்து அச்செடுத்து, தங்க உப்பில் ஊறப்போட்டுக் காயவைத்து அக்காவிடம் காட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டாள். "நீ மெய்யாவே போய்ட்டு வந்தா மாரி கீதுடா" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கப்பல் பயணம்கூட ஞாபகம் வர ஆரம்பித்தது.

*

மேஸ்திரி வீட்டுக்கு நானும் அக்காவும் போனபோது அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எங்களுக்காகக் காத்திருந்தார். வெல்லக் காப்பி வந்தது. உள்கதவு ஒருக்களித்திருந்தது. அதன் பின்னால் வளையல் சத்தம் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மேஸ்திரி படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடலா இது?"

"ஆமா மாமா."

"அலையே காணுமே?"

"அது... அமைதியான கடலு மாமா. அங்க காத்தே அடிக்காது."

தலையாட்டினார். மண்ணை விரலால் காட்டினார். "மண்ணு ரொம்ப நைசா கீது. நம்ப மில்லு மண்ணு மாரி."

அக்கா சட்டென்று புகுந்தாள். "எந்த ஊரு மண்ணா இருந்தா இன்னா அண்ணே, மண்ணு மண்ணுதான!"

"இது யாரு?"

"தீவு ராஜா, மாமா."

"ரெண்டு தல கீதே?"

"காத்துல ஆடிட்டாரு மாமா. காத்து ஜாஸ்தி."

மேஸ்திரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்பதான காத்தே அடிக்காதுன்ன?"

நான் காலைச் சொறிந்தேன். கதவுக்குப் பின்னால் யாரோ முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மேஸ்திரி மறுபடி குனிந்து மரத்தைப் பார்த்தார்.

"தேங்கா உரிச்சிக் கீது."

அப்போதுதான் பார்த்தேன். பஜார் தேங்காய். மட்டை நீக்கி, குடுமி வைத்த தேங்காய். மரத்தின் உச்சியில் குலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் தன்னிச்சையாக வேலை செய்தது.

"அந்தத் தீவுல கொரங்கு ஜாஸ்தி மாமா. மரத்துலயே உரிச்சிடும்."

"உரிச்சிட்டுத் திரும்ப மரத்துலயே கட்டி வெச்சிடுமா?"

உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. அக்கா காப்பித் தம்ளரை எடுத்து, அதில் காப்பி இல்லாமலேயே குடிக்க ஆரம்பித்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அதற்குள் மேஸ்திரியின் கண் படத்தின் கீழ்ப்பாதியில், தண்ணீரில் போய் நின்றுவிட்டது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். தூரத்தில் பிடித்தார். வாசற்படியில் போய் நின்றுகொண்டு பார்த்தார். பிறகு படத்தை மெதுவாக, இரண்டு கையாலும், தலைகீழாகத் திருப்பினார்.

நானும் எட்டிப் பார்த்தேன்.

ஷாஃப்ட் நின்றுகொண்டிருந்தது. நாலு கால், சாரம், உச்சியில் சக்கரம், சக்கரத்தின் ஆரங்கள்கூடத் தெரிந்தன. வானத்தில் இருந்ததைத்தான் நான் மை பூசி அழித்தேன். அந்த அசையாத தண்ணீரில் அதன் நிழல் அச்சுப் பிசகாமல் விழுந்திருந்தது. கால் மணி நேரம் வானத்தை ரசித்தவன் தண்ணீரை ஒரு நொடி பார்க்கவில்லை.

"இது நம்ப ஷாஃப்ட்டு" என்றார் மேஸ்திரி.

கடலுக்குள் எங்கள் ஷாஃப்ட் எப்படி வந்தது என்பதற்கு என் வாய்கூட ஒன்றும் சொல்லவில்லை. அம்சவேணி போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மெழுகுவத்தி கொடுக்கிறவனாகவே வந்திருந்தால், கெஞ்சிக் கூத்தாடியாவது நாலு மாதத்தில் சம்மதிக்க வைத்திருக்கலாம். இப்போது பொய்யன், அதுவும் ஷாஃப்ட்டோடு சேர்ந்த பொய்யன். அழுகை வந்தது. அவமானத்தால் அல்ல, அந்தக் கதவு இனி எனக்குத் திறக்காது என்பதால்.

மேஸ்திரி படத்தை விடவில்லை. "இந்தக் குறுக்குக் கட்டை தெரிது பாரு" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "புயல் அடிச்ச வருஷம் சாரம் ஆடிச்சி. மேல ஏறி இத்த அடிச்சவன் நானு."

பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"இத்தினி வருஷமா இதுக்குள்ள எறங்கறேன். விடியறதுக்கு முன்ன எறங்கி, இருட்டினப்புறம் ஏறி வரேன். நின்னு ஒரு நாளு அண்ணாந்து பாத்ததில்ல. இவ்ளோ அழகாவா கீது?"

"மாமா, மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தேன்.

"மேல இன்னா பண்ண? வானத்துல காணுமே?"

"மை பூசிட்டேன்."

"தண்ணில?"

"தண்ணியப் பாக்கல மாமா."

மேஸ்திரி சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து அக்காவோ நானோ பார்த்ததில்லை. எப்படிச் சிரிப்பது என்று அவருக்கே மறந்திருந்தது போலிருந்தது. முதலில் இருமினார், பிறகு தொடையைத் தட்டினார், கடைசியில் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யம்மா, உன் தம்பி பொய் சொல்றவன்தான்" என்றார் அக்காவிடம். "ஆனா பொய் சொல்லத் தெரில. இவனுக்குப் பயமில்லாமப் பொண்ணு குடுக்கலாம். எத்த மறைச்சாலும் சாயங்காலத்துக்குள்ள நாம கண்டுபுடிச்சிக்கலாம்."

அக்கா காலித் தம்ளரைக் கீழே வைத்தாள். "அண்ணே, கேஜ நம்பிப் பொழைக்கறவனுக்குப் பொண்ணு இல்லன்னீங்களே?" (இந்த நேரத்தில் இதை ஞாபகப்படுத்தியதற்கு நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை.)

"இவன் எங்கம்மா கேஜ நம்பறான்? தீவுக்கே போனாலும் கேஜுதான் இவன வுட மாட்டேங்குது" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மெழுவத்திய வுட்டுடு. நல்லாத்தான் படம் புடிக்கற. ஷிப்ட்டு முடிஞ்சி வர ஆளுங்கள அந்த ஷாஃப்ட்டு முன்னால நிக்க வெச்சிப் புடி. எவனும் அவன் மூஞ்சிய அவன் பாத்ததில்ல. மை கிய்யி பூசின, தொலைச்சிடுவேன்."

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. அம்சவேணியை அன்றுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தேன்.

"நைனா, அந்த ரெண்டு தல ராஜா யாருன்னு கேளு" என்றாள்.

உடனே சொல்லிவிட்டேன். அந்தோணியை ஒரு நொடிகூடக் காப்பாற்ற முயலவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு ராஜா வந்தபோது பெண் வீட்டார் மொத்தமும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

*

ஸ்டோர் வேலையை விட்டேன். ஷாஃப்ட் முன்னால் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் பிடிப்பதே என் பிழைப்பாயிற்று. இப்போது ஆண்டர்சன்பேட்டையில் எனக்கென்று ஒரு போட்டோக் கடை இருக்கிறது. தீவுப் படத்தை மாமனார் திருப்பித் தரவில்லை. சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினார், தலைகீழாக. "எங்க வூட்ல ஷாஃப்ட்டு நேராத்தான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டார். வருகிற விருந்தாளிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு பார்ப்பார்கள். யாராவது நேராக மாட்டி வைத்தால், ஷிப்ட் முடிந்து வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி திருப்பி வைத்துவிடுவார்.

வீட்டில் நான் இன்றைக்கு எந்தச் சாக்குச் சொல்ல வாயெடுத்தாலும், அது முடிவதற்குள் அம்சவேணி, "தண்ணியப் பாத்துட்டீங்களா?" என்பாள். அவளைப் பார்த்துப் பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். இப்போது எங்கள் தெருவிலேயே ஒருவன் புளுகினால் அதுதான் கேள்வி. ஏன் அப்படிக் கேட்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

எங்கள் மூத்தவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தீவு வரையச் சொன்னாராம். பையன் சிலேட்டு நிறைய வரைந்திருந்தான். கீழே ஒரு ஷாஃப்ட், சக்கரத்தோடு, நிமிர்ந்து நின்றது. மேலே வானத்திலிருந்து மணலும் தென்னை மரமும் ஒரு இரண்டு தலை ராஜாவும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பையனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று வாத்தியார் என்னிடம் மெதுவாகக் கேட்டார். பிறகு அவன் பக்கம் குனிந்து, "தீவுன்னா இன்னாடா? நேத்து சொல்லிக் குடுத்தேனே, சொல்லு பாக்கலாம்" என்றார்.

பையன் கையைக் கட்டிக்கொண்டு, தாத்தாவின் கம்பீரத்தோடு சொன்னான்.

"எங்க தாத்தா ஷாஃப்ட்டுக்கு மேல தொங்கறது சார்."